கோலப்பொடியும் டெண்டரும்: பெங்களூரில் ஒரு கடைவீதியைத் திருத்தும்போது ஊராரைச் சேர்த்துக்கொள்வது எப்படி

கண்டோன்மென்ட் பக்கம் நான் குடியிருக்கும் கடைவீதியில் மூன்று ஆண்டுகளுக்கு முன் புது நடைபாதை போட்டார்கள். சாம்பல் நிறக் கற்பலகைகள், வரிசையாக விளக்குக் கம்பங்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. வேலை முடிந்து தடுப்புகளை எடுத்த மறுநாள் விடியற்காலை, காய்கறி மூட்டைகளோடு ஒரு தள்ளுவண்டி வந்தது. இருபது வருடமாக அது ஒதுங்கி நிற்கும் இடத்தில் இப்போது ஓர் உயரமான கல்விளிம்பு. வண்டிக்காரர் இரண்டு முறை முட்டிப் பார்த்தார். பிறகு வண்டியை நடுச்சாலையிலேயே நிறுத்திவிட்டு மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோளில் சுமந்தார். பின்னால் பால் வேன், அதற்குப் பின்னால் இரண்டு ஆட்டோ, அரை மணி நேரத்தில் தெரு முழுவதும் ஹாரன் சத்தம்.

அந்த விளிம்பை என் மகளின் பள்ளிக்கூட அடிக்கோலால் அளந்தேன். 28 சென்டிமீட்டர். இந்தியச் சாலைப் பேராயத்தின் நடைபாதை வழிகாட்டி, அதாவது ஐ.ஆர்.சி. 103, 15 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது என்கிறது.

இந்தத் திட்டத்துக்குக் கருத்துக்கேட்பு நடக்கவில்லை என்று சொல்ல முடியாது. நடந்தது. நானே போயிருந்தேன். வார நாள், காலை பதினொரு மணி, ஏ.சி. மண்டபம், ஆங்கிலத்தில் விளக்கம், முந்திரி பிஸ்கட். வந்தவர்கள் இருபத்திரண்டு பேர். அந்தத் தெருவில் கூடை வைத்து விற்பவர் ஒருவர்கூட இல்லை. விளக்கின் வெளிச்சம் மஞ்சளாக இருக்க வேண்டுமா வெள்ளையாக இருக்க வேண்டுமா என்று நாற்பது நிமிடம் பேசினோம். விளிம்பின் உயரத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

அன்றிலிருந்து கற்றுக்கொண்டதை, இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறேன். வேலைக்காகப் பெங்களூர் வந்து அல்சூரிலோ சிவாஜிநகரிலோ காக்ஸ் டவுனிலோ வீடு எடுத்து, குடியிருப்போர் சங்கத்தில் பெயர் கொடுத்து, "நம் கடைவீதியைச் சரிசெய்யப் போகிறார்களாமே, நாம் என்ன செய்யலாம்" என்று கேட்கும் தமிழ் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களை மனத்தில் வைத்துத்தான் இது.

இரண்டு கேள்விகள், மற்றதெல்லாம் பிறகு

ஒரு திட்டம் வரப்போகிறது என்று காதில் விழுந்தவுடன் வாட்ஸ்அப் குழு தொடங்காதீர்கள். வார்டு பொறியாளர் அலுவலகத்துக்குப் போய் இரண்டே கேள்விகள் கேளுங்கள். டி.பி.ஆர். எனப்படும் விரிவான திட்ட அறிக்கை முடிந்துவிட்டதா? டெண்டர் விட்டாகிவிட்டதா?

இந்த இரண்டு பதில்களை வைத்துத்தான் உங்கள் உழைப்பின் மதிப்பு தீர்மானமாகும். திட்ட அறிக்கை எழுதிக்கொண்டிருக்கும் காலத்தில் தள்ளுவண்டிக்கு ஒரு சாய்தளம் வேண்டும் என்று சொன்னால், வரைபடத்தில் ஒரு கோடு மாறும்; அவ்வளவுதான். டெண்டர் விட்டபிறகு அதையே கேட்டால் அளவு மாறும், மதிப்பீடு மாறும், மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும், நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து ஏன் மாற்றினாய் என்று கேட்பார். பொறியாளர் கெட்டவர் அல்லர். எட்டு மாதம் கழித்து வரப்போகும் தணிக்கைக்குப் பயப்படுகிறார். அந்தப் பயத்தை நம்மால் மாற்ற முடியாது, ஆனால் அது பிறப்பதற்கு முன் போய் நிற்க முடியும்.

டெண்டர் வந்துவிட்டதா என்பதை மாநில அரசின் இணையவழிக் கொள்முதல் தளத்திலும் பார்க்கலாம். திட்ட அறிக்கையைக் காட்ட மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். கர்நாடகத்தில் விண்ணப்பம் 150 சொற்களுக்குள், ஒரே ஒரு பொருளைப் பற்றியதாக இருக்க வேண்டும். கதை எழுதினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். தமிழில் எழுதக்கூடாது. சட்டத்தின் 6-ஆம் பிரிவு ஆங்கிலம், இந்தி, அல்லது அந்தப் பகுதியின் ஆட்சிமொழி என்றுதான் சொல்கிறது. இங்கே அது கன்னடம். கன்னடம் எழுதத் தெரிந்த ஒருவரை முதல் நாளே கூட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மட்டுமல்ல, எல்லாவற்றுக்கும் அவர் தேவைப்படுவார்.

யார் கையில் இருக்கிறது

இது பெங்களூரில் கொஞ்சம் குழப்பமான பாடம். 2020 செப்டம்பர் 10-இல் பழைய மாநகராட்சி மன்றத்தின் பதவிக்காலம் முடிந்தது. அதற்குப் பிறகு ஐந்து ஆண்டுகளுக்கு மேல் தேர்தலே நடக்கவில்லை. கவுன்சிலர் என்று ஒருவரைத் தேடிப் போக முடியாமல், எல்லாம் அதிகாரிகள் கையில். 2024-ஆம் ஆண்டின் கிரேட்டர் பெங்களூர் ஆட்சிச் சட்டம் 2025 மே 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஒரே மாநகராட்சி ஐந்தாகப் பிரிந்தது. மத்தி, கிழக்கு, மேற்கு, வடக்கு, தெற்கு. பழைய 198 வார்டு எண்களை மனப்பாடமாக வைத்திருக்கும் பெரியவர் சொல்வதை நம்பி மனு எழுதாதீர்கள். உங்கள் தெரு இப்போது எந்த மாநகராட்சி, எந்த வார்டு என்று புதிய அறிவிக்கையில் பார்த்து எழுதுங்கள். தவறான வார்டு எண் போட்ட மனு மேசைக்கு மேசை நகரும், திரும்பி வராது.

மாநகராட்சி மட்டும் போதாது. தரைக்கு அடியில் இருப்பது குடிநீர் வாரியத்தின் குழாய், பெஸ்காம் என்ற மின்வழங்கல் நிறுவனத்தின் கேபிள். தெருமுனையில் போக்குவரத்துக் காவல். மெட்ரோ ஓடினால் மெட்ரோ நிறுவனம். நகருக்குள் ரெசிடென்சி சாலை, செயின்ட் மார்க்ஸ் சாலை போன்றவற்றில் டெண்டர்ஷ்யூர் என்ற பெயரில் செய்த வேலையின் அடிப்படைக் கருத்தே இதுதான்: குழாயும் கேபிளும் நடைபாதைக்கு அடியில் ஒழுங்காகப் போய்விட்டால் சாலையைத் திரும்பத் திரும்பத் தோண்ட வேண்டாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலைகளில் நடந்து பாருங்கள், நல்ல பாடம். ஆனால் அதையே அப்படியே பெயர்த்து அல்சூர் பஜார் தெருவில் வைக்க முடியாது. ரெசிடென்சி சாலையில் வாழைத்தார் இறக்குவதில்லை.

கண்டோன்மென்ட் பகுதிக்கென்று ஒரு தனிச் சிக்கலும் உண்டு. 1809-இல் ஆங்கிலேயர் இங்கே ராணுவக் குடியிருப்பு அமைத்தபோது அதற்குச் சோறு, துணி, கூலி, வண்டி என்று வந்தவர்களில் பெரும் பகுதி தமிழர்கள். அவர்களைச் சுற்றி வளர்ந்தவைதான் இந்தக் கடைவீதிகள். 1949 வரை நகரமும் கண்டோன்மென்ட்டும் தனித்தனி நகராட்சிகள். அதனால் கட்டடம் ஒருவருடையது, வாடகைக்காரர் இன்னொருவர், உள்வாடகைக்காரர் மூன்றாமவர், மனை ஒரு அறக்கட்டளையினுடையது என்று பல கடைகள் இருக்கும். "கடை உரிமையாளர்" என்று நீங்கள் ஒருவரை அழைக்கும்போது எதிரே இருப்பவர் எந்த உரிமையாளர் என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நோட்டுப் புத்தகமும் ஐந்து வேளையும்

இப்போது தெருவுக்குப் போகலாம். கையில் ஒரு நோட்டு, ஒரு அளவு நாடா. கேள்வித்தாள் வேண்டாம். முதல் வாரம் யாரையும் எதுவும் கேட்காதீர்கள், பாருங்கள்.

விடியற்காலை ஐந்து, காலை பதினொன்று, பிற்பகல் மூன்று, மாலை ஆறு, இரவு பத்து. ஐந்து வேளையும் ஒரே இடத்தில் அரை மணி நேரம் நில்லுங்கள். யார் நடக்கிறார்கள், யார் நிற்கிறார்கள், யார் விற்கிறார்கள், யார் தூங்குகிறார்கள் என்று நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். ஒரு சாதாரண நாள், ஒரு வெள்ளி, ஒரு ஞாயிறு. சிவாஜிநகரில் வெள்ளி மதியம் தொழுகைக்குக் கூடும் கூட்டத்தைப் பார்க்காமல் ஒருவர் நடைபாதை அகலம் பேசினால் அவர் பேச்சில் பொருள் இல்லை.

திருவிழா நாளையும் விடாதீர்கள். சிவாஜிநகர் மரியன்னை பேராலயத்தில் ஆகஸ்டு 29-இல் கொடி ஏறினால் செப்டம்பர் 8 வரை தெருக்கள் வேறு ஊராகிவிடும். அல்சூர் சோமேசுவரர் கோயில் தேர் திரும்பும் முனையில் ஒரு விளக்குக் கம்பம் நட்டுவிட்டால் என்ன ஆகும் என்று எந்தக் கணினி வரைபடமும் சொல்லாது. வடம் பிடிக்கும் ஒரு பெரியவர் ஒரு வரியில் சொல்லிவிடுவார்.

எங்கள் தெருவில் நாங்கள் இப்படிப் பார்த்தபோது இரண்டு விஷயங்கள் தெரிந்தன. ஒன்று, இரவு பத்து மணிக்குமேல் மூடிய கடைகளின் படிக்கட்டில் எட்டுப் பேர் தூங்குகிறார்கள். அவர்கள் அதே கடைகளில் வேலை செய்யும் பையன்கள். யாருடைய பட்டியலிலும் அவர்கள் "குடியிருப்போர்" இல்லை. இன்னொன்று, பெண்கள் நடைபாதையின் ஒரு பகுதியைத் தொடர்ந்து தவிர்த்துச் சாலையில் இறங்கி நடந்தார்கள். ஏன் என்று நின்று பார்த்தபோது புரிந்தது: ஆண்கள் சிறுநீர் கழிக்கும் சுவர். வரைபடத்தில் அந்த இடத்தில் கல்பெஞ்சு போட்டிருந்தார்கள்.

அளவுகளையும் எடுங்கள். ஆள் நடக்கத் தடையில்லாத அகலம் குறைந்தது 1.8 மீட்டர் இருக்க வேண்டும் என்பது அதே ஐ.ஆர்.சி. வழிகாட்டி. மின்பெட்டி, மரம், பலகை எல்லாம் கழித்து எவ்வளவு மிஞ்சுகிறது என்று அளந்து எழுதினால், பொறியாளரிடம் உங்கள் பேச்சுக்குத் தனி எடை வரும். "கூட்டமாக இருக்கிறது சார்" என்பதற்கும் "மின்பெட்டி அருகே 70 சென்டிமீட்டர்தான் இருக்கிறது சார்" என்பதற்கும் அலுவலகத்தில் கிடைக்கும் மரியாதை வேறு.

பெயர் கேட்காதீர்கள்

தெருவோர வியாபாரிகளிடம் பேசப் போகும் புதியவர்கள் செய்யும் முதல் தவறு, பெயரும் போன் எண்ணும் கேட்பது. பட்டியல் என்றாலே அவர்களுக்கு ஒரே பொருள்: காலி செய்யச் சொல்லப் போகிறார்கள். "மறுசீரமைப்பு" என்ற சொல்லையும் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். நாங்கள் அந்தச் சொல்லைச் சொன்ன அன்று பூக்காரம்மா கூடையை மடியோடு இழுத்து வைத்துக்கொண்டு, "எந்தத் தேதியில் போக வேண்டும், அதை மட்டும் சொல்" என்றார்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முழம் பூ வாங்கி, வெயில் எந்தப் பக்கம் வருகிறது, தண்ணீர் எங்கே பிடிக்கிறீர்கள் என்று கேட்டுப் பழகியபிறகுதான் மற்ற பேச்சு வந்தது. கழிப்பறைக்குப் போக வேண்டும் என்பதற்காகக் காலை பத்து மணியிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை என்று அவர் சொன்னது நான்காவது நாள். எங்கள் மண்டபக் கூட்டத்தில் அது வந்திருக்கவே வராது.

பயத்துக்குப் பதில் சட்டத்தில் இருக்கிறது. நீங்கள் அதைப் படித்துவிட்டுப் போக வேண்டும். 2014-ஆம் ஆண்டின் தெருவோர வியாபாரிகள் சட்டப்படி, கணக்கெடுப்பு முடிந்து சான்றிதழ் கொடுக்கும்வரை யாரையும் அப்புறப்படுத்தக்கூடாது. இடம் மாற்றுவதென்றாலும் 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நகர வியாபாரக் குழு என்று ஒன்று இருக்க வேண்டும். அதில் குறைந்தது 40 சதவீதம் வியாபாரிகள், அவர்களே தேர்ந்தெடுத்தவர்கள், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். ஐம்பது ஆண்டுக்கு மேல் நடந்துவரும் சந்தையைப் பாரம்பரியச் சந்தையாக அறிவித்து, அங்கிருப்பவர்களை இடம் மாற்றாமல் விட வேண்டும் என்றும் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. ஐம்பது ஆண்டை எப்போதோ தாண்டிவிட்ட சிவாஜிநகர் ரஸ்ஸல் மார்க்கெட்டைச் சுற்றி உட்காரும் குடும்பங்களில் எத்தனை பேருக்கு இந்த ஒரு வரி தெரியும் என்று கேட்டுப் பாருங்கள்.

சட்டம் காகிதத்தில் இருப்பதுபோல் தெருவில் நடப்பதில்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும், இப்படி ஒரு காகிதம் இருக்கிறது என்று தெரிந்தவர் பேசும் குரலே வேறு.

எந்த மொழியில், எத்தனை மணிக்கு

அறிவிப்பில் முதலில் கன்னடம், பெரிய எழுத்தில். பிறகு தமிழ், உருது. இதில் ரோஷத்துக்கு இடமில்லை. கடைப் பலகைகளிலேயே 60 சதவீதம் கன்னடம் இருக்க வேண்டும் என்று 2024-இல் சட்டம் வந்திருக்கிறது. அதற்காகச் சொல்லவில்லை, நீங்கள் தமிழில் மட்டும் ஒரு தாளை ஒட்டினால் இது தமிழர்களின் வேலை என்றாகிவிடும், பக்கத்துக் கடைக்காரர் ஒதுங்கிவிடுவார், மறுநாள் தாளும் இருக்காது. எங்கள் தெருவில் ஒருமுறை அப்படி நடந்தது. கிழித்தவர்மேல் கோபம் வந்தது. பிறகு யோசித்தபோது, ஒட்டிய எங்கள்மேலும் வந்தது.

படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்துக் காட்ட ஆள் வேண்டும். எங்களுக்கு அது டீக்கடைக்காரர். நான்கு மொழியும் பேசுவார், சம்பளம் கேட்கவில்லை, ஒரு நாளைக்கு இருநூறு பேரிடம் சொன்னார். எந்தக் கடைவீதியிலும் இப்படி ஒருவர் இருப்பார். கண்டுபிடிப்பது உங்கள் வேலை.

நேரத்துக்கு வருவோம். காய்கறி விற்பவர்களுக்குப் பிற்பகல் இரண்டரையிலிருந்து நான்கு. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஞாயிறு மாலை. கடை ஊழியர்களுக்கு இரவு ஒன்பதரைக்குப் பிறகு. ஐ.டி. வேலைக்காரர்களுக்குச் சனிக்கிழமை காலை, அதுவும் பத்து மணிக்குமேல். ஆக, ஒரே கூட்டத்தில் எல்லோரையும் கூட்ட நினைத்தால் உங்களைப் போன்றவர்கள் மட்டும்தான் வருவார்கள். நான்கு சிறு கூட்டம் போடுங்கள். மண்டப வாடகை மிச்சம்.

கோலப்பொடி

வரைபடம் பார்த்து இடம் புரிந்துகொள்வது படித்து வருகிற பழக்கம். நூறுக்கு ஒன்று என்ற அளவில் வரைந்த தாளை ஒரு சுமைதூக்கும் தொழிலாளி முன் விரித்து, "கருத்து சொல்லுங்கள் அண்ணா" என்றால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போவார். சம்மதம் என்று நாம் எழுதிக்கொள்வோம்.

இரண்டாம் கட்ட வேலை எங்கள் தெருவின் மறுபாதிக்கு வரப்போகிறது என்று தெரிந்தபோது நாங்கள் வேறு மாதிரி செய்தோம். ஒரு ஞாயிறு காலை ஆறு மணிக்கு, போக்குவரத்துக் காவலரிடம் சொல்லிவிட்டு, திட்டத்தில் இருந்த நடைபாதையை அதே அளவில் தெருவிலேயே வரைந்தோம். மூன்று கிலோ கோலப்பொடி, ஒரு கயிறு, அளவு நாடா. கடைச் சுவரிலிருந்து இரண்டரை மீட்டர் தள்ளி ஒரு நீளக் கோடு. விளக்குக் கம்பம் வரும் இடத்தில் வட்டம், பெஞ்சுக்குப் பெட்டி, மரத்துக்குப் பூ. பக்கத்துத் தெருப் பாட்டி ஒருவர் எங்கள் கோடு நடுங்குவதைப் பொறுக்க முடியாமல் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டார். அவர் இழுத்த கோட்டில் ஒரு வளைவு இல்லை.

ஏழரை மணிக்குத் தெரு பேசத் தொடங்கியது. இளநீர்க்காரர் தன் வண்டியைத் தள்ளிவந்து பெஞ்சுப் பெட்டியை ஒட்டி நிறுத்திப் பார்த்தார். பின்சக்கரம் கோட்டைத் தாண்டி ஓர் அடி வெளியே. "இந்தப் பெஞ்சை அந்தப் பக்கம் போடு, நான் உள்ளே வந்துவிடுவேன்" என்றார். மருந்துக்கடைக்காரர் தன் வாசலுக்கு நேராக மர வட்டம் இருப்பதைப் பார்த்துச் சண்டைக்கு வந்தார். அரை மணி நேரத்தில் அதை இரண்டு கடைக்கு நடுவிலுள்ள சுவருக்கு நேராக அவரே நகர்த்தினார். சக்கர நாற்காலியில் வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கோட்டோரமாக மெல்லப் போனார். மூன்று இடத்தில் நின்று, இங்கே இறங்க வழி வேண்டும், இங்கே, இங்கே என்று கைத்தடியால் தட்டினார். சாய்தளம் ஒரு அடி ஏற்றத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும் என்பது விதி. அந்த நீளத்தைக் கோலப்பொடியில் போட்டபோதுதான் அது எவ்வளவு இடம் தின்னும் என்று எங்களுக்கே தெரிந்தது. விளிம்பின் உயரத்தைக் குறைத்துவிட்டால் சாய்தளமும் சுருங்கும் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

பொறியாளரையும் அழைத்திருந்தோம். பத்து நிமிடம் இருப்பதாகச் சொல்லி வந்தவர் இரண்டு மணி நேரம் இருந்தார். அலுவலகத்தில் அவரிடம் மனு கொடுப்பவர்கள் கேட்பார்கள். இங்கே மக்கள் காட்டினார்கள். எங்கள் ஏழு மாற்றங்களில் ஐந்தை வரைபடத்தில் ஏற்றினார்.

செலவு, டீ உட்பட, தொள்ளாயிரம் ரூபாய்க்குள். மழை வரும் நாளில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்பது மட்டும் அனுபவம்.

இதையே பெரிய அளவில் செய்ய முடியும். சர்ச் ஸ்ட்ரீட்டில் 2020 நவம்பரிலிருந்து 2021 பிப்ரவரி வரை வார இறுதி நாட்களில் வண்டிகள் நுழையாமல் தடுத்துப் பார்த்தார்கள். எதையும் இடிக்காமல், நிரந்தரமாகக் கட்டாமல், செய்து பார்ப்பது. ஒத்துவராவிட்டால் தடுப்பை எடுத்துவிடலாம். கல்லைப் பதித்தபிறகு அது முடியாது.

சங்கத் தலைவர்

வணிகர் சங்கத் தலைவரை மதிக்க வேண்டும், முதலில் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அவர் சொன்னதைத் தெருவின் கருத்து என்று எழுதிவிடாதீர்கள். அவர் பெரும்பாலும் கட்டட உரிமையாளர். தெரு அழகானால் வாடகை ஏறும், அவருக்கு நல்லது. அதே வாடகை ஏற்றத்தில் வெளியேறப் போகிறவர் அவருடைய வாடகைக்காரர். இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்துக் கேட்டால் வாடகைக்காரர் வாயே திறக்க மாட்டார். தனியாகப் போய்ப் பாருங்கள்.

பார்க்கிங் சண்டை கட்டாயம் வரும். வாடிக்கையாளர் எல்லாம் வண்டியில்தான் வருகிறார்கள், நிறுத்த இடம் இல்லாவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்பார்கள். வாதம் செய்யாதீர்கள். கடைக்காரரின் மகனிடமோ உதவியாளரிடமோ ஒரு தாளைக் கொடுத்து, ஒரு சனிக்கிழமை முழுவதும் கடைக்குள் வருகிறவர் நடந்து வந்தாரா, பஸ்ஸா, ஸ்கூட்டரா, காரா என்று கோடு போடச் சொல்லுங்கள். எண்ணியது அவர்கள் கை என்பதால் நம்புவார்கள். சில சமயம் கடைக்காரர் சொன்னதே சரியாக இருக்கும். அப்போது நீங்கள் மாற வேண்டும்.

மாற முடியாததை முதலிலேயே சொல்லுங்கள்

சாக்கடைக் குழாய் மாற்றியே ஆக வேண்டும் என்றால், ஆக வேண்டும். அதை ஓட்டுக்கு விடுவதுபோல் நடிக்காதீர்கள். எது முடிவாகிவிட்டது, எது திறந்திருக்கிறது என்று ஒவ்வொரு கூட்டத்தின் முதல் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுங்கள். திட்டமே கூடாது என்று தோன்றினால் அதற்கு வேறு வழி உண்டு. 2016 அக்டோபரில் இரும்பு மேம்பாலம் வேண்டாம் என்று இந்த ஊரார் மனிதச் சங்கிலியாக நின்றார்கள். அடுத்த மார்ச்சில் அரசு அதைக் கைவிட்டது. ஒன்றை நிறுத்த அது போதும். ஒரு கடைவீதியை நல்லதாக்க அது போதாது. அதற்குக் கோலப்பொடி, டீ, பல ஞாயிற்றுக்கிழமைகள் என்று பொறுமையான வேலை வேண்டும்.

கேட்டதை எழுத்தில் வையுங்கள். மூன்று லட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டு கமிட்டிகள் வேண்டும் என்பது அரசியலமைப்பின் 243எஸ் பிரிவு. உங்கள் வார்டில் அது கூடுகிறதா, எந்த நாளில் என்று விசாரித்து, அங்கே நீங்கள் எழுதியதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். குறிப்பில் ஏறாத பேச்சு நடக்காத பேச்சு.

பதில் பலகை

எல்லோரும் கோட்டைவிடும் இடம் இது. கருத்துக் கேட்கிறவர்கள் நிறையப் பேர். கேட்டது என்ன ஆயிற்று என்று திரும்பி வந்து சொல்கிறவர்கள் இல்லை. ஒருமுறை ஏமாந்தவர் அடுத்த கூட்டத்துக்கு வர மாட்டார், நியாயம்தான்.

டீக்கடைச் சுவரில் ஒரு பலகை வையுங்கள். மூன்று பத்தி: நீங்கள் கேட்டது, நடந்தது, நடக்காதது ஏன். கழிப்பறை கேட்டோம், இடம் பார்த்திருக்கிறார்கள், தண்ணீர் இணைப்புக்குக் காத்திருக்கிறது. பெஞ்சு நகர்ந்தது. நிழற்கூரை கிடையாது, காரணம் தீயணைப்பு வண்டி நுழைய உயரம் போதாது. "கிடையாது" என்று எழுதிய வரியைத்தான் மக்கள் அதிக நேரம் நின்று படித்தார்கள். திட்டினார்கள், ஆனால் அடுத்த கூட்டத்துக்கு வந்தார்கள்.

வேலை நடக்கும் காலம்

இரண்டு மாதம் என்றால் ஐந்து மாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். டெண்டருக்கு முன்பே கேட்டுப் பெற வேண்டியவை: ஒரே நேரத்தில் தெருவின் ஒரு பக்கம் மட்டும் தோண்டுவது, பள்ளத்தின்மேல் ஒவ்வொரு கடைக்கும் பலகைப் பாலம், பொறுப்பாளரின் பெயரும் எண்ணும் எழுதிய பலகை, ரம்ஜான், தீபாவளி, செப்டம்பர் திருவிழா நாட்களில் கடப்பாறை ஓய்வு. இதெல்லாம் ஒப்பந்தத்தில் இருந்தால் கேட்கலாம். இல்லாவிட்டால் கெஞ்சத்தான் முடியும். தோண்டும்போது தினமும் ஒரு போட்டோ எடுத்துத் தேதியோடு வையுங்கள். எந்தக் குழாய் எங்கே போனது என்று பிறகு உங்களிடம்தான் கேட்பார்கள்.

ஆறு மாதம் கழித்து

அதே நோட்டு, அதே ஐந்து வேளை, அதே இடம். மறுபடி எண்ணுங்கள். ஸ்கூட்டர்கள் நடைபாதையில் ஏறிவிட்டனவா, பூக்காரம்மா அதே இடத்தில் இருக்கிறாரா, பையன்கள் எங்கே தூங்குகிறார்கள், பெண்கள் இன்னும் சாலையில் இறங்கி நடக்கிறார்களா. பழைய பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலேயே எழுதினால் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அந்த இரண்டு பக்கங்களின் நகலை எடுத்துக்கொண்டு பொறியாளர் அலுவலகத்துக்குப் போங்கள். அடுத்த தெருவின் திட்ட அறிக்கை அங்கே தொடங்கியிருக்கும்.

எங்கள் தெருவின் முதல் பாதியில் அந்த 28 சென்டிமீட்டர் விளிம்பை, மூன்று மனு, ஒரு தகவல் உரிமை விண்ணப்பத்துக்குப் பிறகு ஓர் இடத்தில் மட்டும் உடைத்துச் சாய்தளம் போட்டுக் கொடுத்தார்கள். தள்ளுவண்டி இப்போது ஒரே மூச்சில் ஏறுகிறது. வண்டிக்காரர் என்னைப் பார்க்கும்போதெல்லாம், "அடிக்கோல் கையில் இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத்தான் மூட்டையை இறக்குகிறார்.